விறைப்பா, மரத்துப்போனதா?

1

இந்தச் செப்டெம்பரோடு எனது இடது மார்பை எடுத்து இரண்டு வருடம் நிறைகிறது. அதற்கு வாழ்த்து அட்டை வந்திருக்கிறது. இந்த நாட்டில் எதற்கும் அட்டை உண்டு. இளஞ்சிவப்பு நிறம், உள்ளே ஒரு நரைத்த பெண்ணும் அவளுடைய நாயும் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் போராடி வென்றவளாம். யாரோடு போராடினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் மயக்கத்தில் படுத்திருந்தேன், மற்றவர்கள் வெட்டினார்கள். போராட்டம் பிறகுதான் வந்தது. அது நோயோடு அல்ல, ஒரு தமிழ்ச் சொல்லோடு. அதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த அடுத்த தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிறு அது. கிளாஸ்கோவின் குளிரைப் பற்றி நுவரெலியாப் பக்கத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டிப்பொலையில் ரயிலுக்குக் காத்து நின்றவர்களுக்குக் குளிர் தெரியும். அங்கே பத்து மணிக்காவது வெயில் வந்துவிடும், இங்கே ஏப்ரலில் வரும். ஆகவே சுடுதண்ணீர்ப் பையை நெஞ்சில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்தேன். அப்படியே தூங்கிப்போனேன். மாலையில் குளிக்கப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். மார்பு இருந்த இடத்தில், தழும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். பார்க்கும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மருந்து கட்டிய தாதி, கவனமாக இருக்க வேண்டும் என்றார். சூடு பட்டால் சுடும் என்று சொல்ல வேண்டிய தோல் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது எதைக்கொண்டு கவனமாக இருப்பது? அவர் தந்த கைநூலை வீட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். உள்ளாடைக்குள் பஞ்சு வைக்கும் முறை, சேலை கட்டாதவர்களுக்கான சட்டை வகைகள், நம்பிக்கை இழக்காமல் இருப்பதற்கு ஒரு முழு அத்தியாயம். மார்போடு நரம்பும் வெட்டுப்படும், அந்த இடம் இனிச் சுவர் மாதிரி இருக்கும் என்பதற்கு அரை வரி. அந்த அரை வரியும் காலப்போக்கில் பழகிவிடும் என்று முடிகிறது. எழுதியவர் எதற்குப் பழகினாரோ தெரியாது.

2

கொப்புளம் ஆறிவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மீதி எதுவும் விளங்காது.

என் கணவர் பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மாசி மாதத்தில் ஒரு காலை, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, போர்வையை விலக்கினேன். அவருடைய கை என் இடப்பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று தெரியாது. நான் கையைக் கண்டு திடுக்கிட்டேன், யாரோ வெளியாளின் கை போல. அவர் முகத்தைப் பார்த்தேன், விழித்துத்தான் இருந்தார். நான் அறியவில்லை என்பதை அவர் அறிந்துகொண்டார்.

“தெரியலையா?” என்றார்.

“தெரியல.”

கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கை அந்தப் பக்கம் வரவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். கதவைத் தட்டித் தட்டி யாரும் திறக்காத வீட்டுக்கு எத்தனை நாள்தான் ஒருவர் போவார்.

வயிற்றுச் சதையை எடுத்து மார்பு செய்து தருவதற்கு என் பெயர் ஏற்கெனவே பதிவில் இருந்தது. அதைச் செய்யும்போதே, விலா எலும்புகளுக்கு நடுவில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் நரம்பின் நுனியைப் புதிய சதையில் உள்ள நரம்போடு தைக்கலாம் என்று வாசித்தேன். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, முடியை விட மெல்லிய நூலால் தைப்பார்களாம். நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து போனால் தொடுகையும் சூடும் குளிரும் ஓரளவு திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். ஆனால் தைப்பதானால் அந்த ஒரே சத்திரசிகிச்சையில்தான். மூடிய பிறகு மறுபடி திறந்து தேடமாட்டார்கள். எங்கள் வைத்தியசாலையில் செய்கிறார்கள், எல்லோருக்கும் அல்ல, உணர்வு போய்விட்டது என்று முறையிடுபவர்களுக்கு மட்டும்.

கந்தப்பளையில் இருக்கும் என் தங்கை செல்விக்குத் தொலைபேசியில் சொன்னேன். “நம்ம பக்கத்துல எடுத்துட்டு உசிரோட அனுப்புனாலே பெருசுக்கா. இந்த வயசுல அது என்னத்துக்கு?” என்றாள். கோயிலில் இரண்டு பெண்கள் இதையே இன்னும் நாகரிகமாகக் கேட்டார்கள், கடவுளைச் சேர்த்துக்கொண்டு. ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கால் மரத்துப்போனால் வைத்தியம் பார் என்பார்கள். காது கேட்காவிட்டால் கருவி வாங்கு என்பார்கள். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள்.

3

இனி மொழிபெயர்ப்பாளர் வந்த கதை.

நான் ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவள். முகத்துக்கு முகம் பேசினால் விளங்கிக்கொள்வேன், தட்டுத்தடுமாறிப் பதிலும் சொல்வேன். முதல் முறை வைத்தியசாலைக்குப் போனபோது, வீட்டில் என்ன பாஷை என்று கேட்ட பெண்ணிடம் என் கணவர் உண்மையைச் சொன்னார். தமிழ். அந்த ஒரு சொல் கணினிக்குள் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. எனக்குத் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதைத் தமிழில் உறுதிப்படுத்த மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பதாகச் சொன்னார்கள். நான் நகைச்சுவைக்காக எழுதவில்லை, அப்படித்தான் சொன்னார்கள்.

வந்தவர் திருமதி தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். முதல் சந்திப்பிலேயே எந்த இடம் என்று கேட்டார். கந்தப்பளை என்றேன். “ஓ, தோட்டப் பக்கம்,” என்றார். அந்த ‘ஓ’வின் நீளத்தை தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த மலையகத்தார் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அது புதிதல்ல, ஆகவே பொருட்படுத்தவில்லை.

மார்ச் மாதத்தில் தொலைபேசியில் ஒரு விசாரணை. சத்திரசிகிச்சைக்கு முன்னால் கேள்விகள் கேட்டுப் பதிவார்கள். தாதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது, அதுவும் சுத்தமான கிளாஸ்கோ உச்சரிப்பில். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. திருமதி தில்லைநாதனின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. சர்க்கரை வருத்தம் உண்டா, புகைக்கும் பழக்கம் உண்டா என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

“எடுத்த இடத்திலை விறைப்பு இருக்குதோ?”

எங்கள் பேச்சில் விறைப்பு என்றால் கஞ்சி போட்ட வேட்டிக்கு வருவது. பிணத்துக்கு வருவது. இன்னொன்றுக்கும் சொல்வார்கள், அதை அச்சில் போடமாட்டார்கள். சப்பையாகக் கிடக்கிற தழும்பில் விறைப்பு என்ன வேண்டியிருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது.

“இல்லைங்க,” என்றேன்.

“கொஞ்சமும் இல்லையோ?”

“கொஞ்சங்கூட இல்லைங்க.”

அவ்வளவுதான். என் வாயாலேயே இரண்டு தரம் சொன்னேன்.

4

ஏப்ரலில், சித்திரைப் புதுவருடம் முடிந்த வாரத்தில், சத்திரசிகிச்சை வைத்தியரைப் பார்த்தேன். என் மகள் வயதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். வயிற்றில் எங்கே வெட்டுவார், தழும்பு எங்கே வரும் என்று வரைந்து காட்டினார். நான் நரம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். உங்களுக்கு அது தேவைப்படவில்லையே என்றார். உணர்விழப்பு கொஞ்சமும் இல்லை என்று நீங்கள் சொன்னதாகப் பதிவாகி இருக்கிறது என்றார்.

இதை அவருடைய ஆங்கிலத்திலேயே நான் விளங்கிக்கொண்டேன். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். வைத்தியர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். திருமதி தில்லைநாதன், நோயாளி இரண்டு முறை தெளிவாக இல்லை என்றுதான் சொன்னார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது பொய்யுமல்ல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“விறைப்பு இருக்குதோ எண்டு கேட்டனான். நீங்கள்தானே இல்லையெண்டு சொன்னியள்?”

அப்போதும் எனக்கு எங்கே பிழைத்தது என்று பிடிபடவில்லை. விறைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். வைத்தியர் பொறுமையாக, அந்த இடத்தில் உணர்வு திரும்புவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். நல்ல கேள்வி. என்னிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி. அது தமிழாகி வந்தபோது இப்படி இருந்தது:

“இந்த வயசிலை உங்களுக்கு அந்த இடத்திலை உணர்ச்சி வேணுமோ எண்டு டொக்டர் கேக்கிறா.”

வைத்தியர் வயது என்ற சொல்லை வாயில் எடுக்கவேயில்லை. உணர்வை உணர்ச்சியாக்கி, வயதையும் தன் கையிலிருந்து போட்டு, என்னை என்ன மாதிரிப் பெண் என்று காட்டிவிட்டார் அந்த அம்மாள். நான் சரியான ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்தது. நரம்பு தைப்பதற்குக் கூடுதல் நேரம் வேண்டும், என் தேதிக்கு அந்த நேரம் ஒதுக்கப்படவில்லை என்றார் வைத்தியர். மறுபரிசோதனை கேட்டு விண்ணப்பிக்கலாமாம். அதில் வேறு முடிவு வந்தால் பார்ப்பாராம். வரும் முடிவு அதேதான் என்றால் அதோடு விஷயம் முடிந்தது.

5

என் மகள் நிரோஷினிக்கு ஒரு வங்கியில் வேலை. இங்கே பிறந்தவள். தமிழ் மறந்துவிடும் என்று பயந்து, சிறு வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். நடத்தியவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தவர். மலையகத்தார் இந்த ஊரில் தமிழ்ப் பள்ளி நடத்தும் எண்ணிக்கையில் இல்லை. பலன், என் வயிற்றில் பிறந்தவள் என்னிடம் “அம்மா, என்ன செய்யிறியள்?” என்று கேட்கிறாள். மற்றவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்த் தொலைந்தார்கள். என் பிள்ளை தமிழிலேயே தொலைந்தாள். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று இருபது வருடமாக முடிவெடுக்கவில்லை.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சொன்னேன். விறைப்பு இருக்கிறதா என்று அந்தப் பெண் அசிங்கமாகக் கேட்டதையும் சொன்னேன். மகள் கரண்டியை வைத்துவிட்டாள்.

“அம்மா, விறைப்பு எண்டா உணர்வில்லாமல் போறது. பல்லுப் பிடுங்கேக்கை போடுவினமே, விறைப்பூசி.”

“அதுக்குப் பேரு மரத்துப்போறது.”

“நீங்கள்தான் அப்பிடிச் சொல்லுறியள். எல்லாரும் விறைப்பு எண்டுதான் சொல்லுவினம்.”

எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். என் கணவர் தட்டைப் பார்த்தபடி, “அப்ப நீ இருக்குன்னு சொல்லியிருக்கணும்,” என்றார். எங்கள் வீட்டில் நானும் அவரும் ஒரு தமிழ், மகள் இன்னொரு தமிழ். மூன்று பேரும் ஒரே மேசையில் முப்பது வருடமாகச் சாப்பிடுகிறோம், ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை அன்றுதான் கண்டுபிடித்தோம். அந்தச் சொல் என் மார்பில் வந்து விழவேண்டியிருந்தது.

6

மறுபரிசோதனைக்குக் காத்திருந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது அம்மா.

அம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். என் தம்பி கைக்குழந்தையாக இருந்த வருடம். வேலை நேரத்தில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிடுவார்கள். ஒரு ஆயா பார்த்துக்கொள்வாள். தாய்மார் குறித்த மணிக்கு மலையிலிருந்து இறங்கிப் பால் கொடுத்துவிட்டு ஓடவேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறையானதால் நான் அம்மாவோடு மலையில் நின்றேன். மணி ஆவதற்கு முன்பே அம்மா கூடையை இறக்கிவிட்டு, குடை பிடித்தபடி மலையை மேற்பார்த்த கண்டாக்கையாவிடம் போனார்.

“பால் கட்டிருச்சுங்கய்யா. புள்ள அழுவுது. குடுத்துட்டு வந்துர்றேன்.”

“புள்ள அங்க கீழ இருக்கு. அழுவுதுன்னு உனக்கு எப்புடித் தெரியும்?” என்று கேட்டார் கண்டாக்கையா. சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

அம்மா மறுபடி கேட்கவில்லை. இறங்கிப் போனார். நானும் பின்னால் ஓடினேன். தம்பி அழுதுகொண்டுதான் இருந்தான். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது பாதி நாள் வேலைதான் கணக்கு. பிள்ளை அழுவதை மார்பு சொல்லும் என்பது அந்த மனிதனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. அவன் நம்பாவிட்டால் அது இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு உணர்வு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்கு இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கேட்பவர்கள் முன்பு குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள், இப்போது கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

7

மே மாத இறுதியில், ஒரு வியாழக்கிழமை, மறுபரிசோதனை. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று இம்முறை எழுத்திலேயே கேட்டிருந்தேன். திருமதி தில்லைநாதன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனை எளிது. வெவ்வேறு தடிப்பில் நைலான் இழைகள் இருக்கும். கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். தாதி ஒவ்வோர் இழையாக ஒவ்வோர் இடத்தில் வைத்து அழுத்துவார். தெரிந்தால் சொல்லவேண்டும். நன்றாக இருக்கும் வலது பக்கத்தில் முதலில் செய்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய இழைகூடத் தெரிந்தது. பிறகு இடது பக்கம்.

தாதி ஏதோ முணுமுணுத்தார். உடனே திருமதி தில்லைநாதனின் குரல்:

“இப்ப தெரியுதோ?”

தெரிகிறது என்றேன். சிறிது நேரம். “இப்ப?” தெரிகிறது என்றேன். மூன்றாவது முறையும் அதே வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சுதாரித்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அங்கே ஏதோ படுவதாக மனம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் எல்லா இடத்திலும் தெரிகிறது என்று நானே மறுபடியும் சொல்லி முடித்திருப்பேன்.

“நீங்க கொஞ்சம் பேசாம இருங்க,” என்றேன்.

“அவ கேக்கிறதை நான் சொல்லத்தானே வேணும். அதுக்குத்தானே வந்தனான்.”

“நீங்க வாயைத் தொறக்கும்போதுதான் அவங்க தொடுறாங்கன்னு தெரியுது. எனக்கு நெஞ்சுல தெரியல, காதுலதான் தெரியுது.”

“உங்கடை ஆக்களுக்கு ஒண்டையும் விளங்கப்படுத்த ஏலாது,” என்றார், தனக்குள் சொல்வதுபோல், ஆனால் நான் கேட்கும்படி.

கண்கட்டோடு எழுந்து உட்கார்ந்தேன். தாதியிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் பேசினால் நான் பொய் சொல்கிறேன், இவர் பேசாவிட்டால் நான் உண்மை சொல்கிறேன் என்ற மாதிரி வந்தது. இலக்கணம் உருப்படியாக இல்லை. ஆனால் தாதி புத்திசாலி, சட்டென்று விளங்கிக்கொண்டார். ஏற்கெனவே குறித்த தாளைக் கிழித்துப்போடும் சத்தம் கேட்டது. பிறகு மொழிபெயர்ப்பாளரைக் கதவுக்கு வெளியே உட்காரச் சொன்னார். செருப்புச் சத்தம் போனது. என் வாழ்நாளில் இந்த நாட்டு அரசாங்கம் எனக்குச் செய்த முதல் மரியாதை அது.

பிறகு அமைதி. படுத்திருந்தேன். அறையில் சூடேற்றியின் இரைச்சல் மட்டும். தாதி தயாராகிறார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பொறுமை போய், எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன்.

முடிந்துவிட்டது என்றார்.

கண்கட்டை அவிழ்த்தபோது அவருடைய கையில் இருந்த இழை, தடித்த இழை, ஈர்க்கு மாதிரி இருந்தது. அதன் அடையாளம் என் தோலில் வட்டம் வட்டமாகச் சிவந்து கிடந்தது. தாதி அவற்றைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு வைத்தியரை அழைத்துவந்தார். வைத்தியர் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார். கூடுதல் நேரம் எடுத்து நரம்பையும் தைப்பதாகச் சொன்னார். பலன் வரும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார். ஒரு வருடமோ இரண்டு வருடமோ பொறுக்க வேண்டும், வந்தாலும் பழையபடி வராது என்றார். உறுதி தராத ஒருவரைச் சந்தித்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை சந்தித்த எல்லோரும் உறுதியாகவே இருந்தார்கள்.

வெளியே திருமதி தில்லைநாதன் தன் வேலை நேரத் தாளை நீட்டினார். சேவை எப்படி என்று பெட்டிகளில் ஒன்றில் அடையாளம் இட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். மிக நன்று, நன்று, பரவாயில்லை. நான் சொல்ல நினைத்ததற்குப் பெட்டி இல்லாததால் கையெழுத்தை மட்டும் தமிழில் வைத்தேன்.

8

ஒக்டோபரில் சத்திரசிகிச்சை நடந்தது. புதிய மார்பு பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது. வந்து பார்த்த பெண்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உடுப்புக்கு மேலால் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லையாம். அவர்கள் பார்த்துவிட்டால் போதும், விஷயம் தீர்ந்தது. உள்ளே இருப்பவளுக்குத் தெரிகிறதா என்பது யாருக்கும் கேள்வியாக இல்லை. செல்விகூட, படத்தில் பார்த்து, “அச்சு அசலா இருக்குக்கா,” என்றாள்.

எனக்கு அது தலையணை. கார்த்திகை போய், தை போய், சித்திரையும் போயிற்று. ஊசி குத்தினாலும் தெரியாது. என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காக அவர் படும் பாடு எனக்குத் தெரிந்தது. நரம்பு செத்துப்போயிருக்கும் என்று ஆடியில் மனதுக்குள் முடிவு கட்டினேன். வாழ்த்து அட்டை வந்த அன்று அதைக் குப்பையில் போட்டதும் அதனால்தான்.

போன ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்தோம். மகள் கார் ஓட்டினாள், நான் பக்கத்தில், அவர் பின்னால். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டும் அனுமதிப் பத்திரம் இருக்கிறது, அது வேறு. சந்தியில் சிவப்பு விளக்கைக் கடைசி நேரத்தில் கண்டு பிரேக்கை மிதித்தாள். நான் முன்னால் போய்ப் பின்னால் வந்தேன். இடத்தோளிலிருந்து வரும் பெல்ட் இறுகியது.

ஒரு கம்பளிக்கு மேலால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல இருந்தது. தூரத்தில், மங்கலாக. பிறகு அதற்கு நடுவில் ஒரு சின்ன நோவு, கூர்மையாக.

வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது. மகள் பயந்துபோனாள்.

“நோகுதோ அம்மா? பெல்ட்டைத் தளர்த்தவோ?”

பின்னால் இருந்தவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னேன்.

“நோவுது. அடுத்த சிக்னல்லயும் இதே மாதிரி பிரேக் போடு.”